முறைப்பெண்ணே ஆனாலும் 18 முடியட்டும்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் திருச்சியில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டு தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பனுக்கு வந்தேன், சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறோம். என் கணவரின் முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள். இங்கேயே பிறந்த என் மகனுக்கு 19 வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். என் அண்ணன் மகளுக்கு 17. திருச்சியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், வரும் ஆகஸ்டில் 18 முடிகிறது. இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது, தினமும் வீடியோவில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு வீட்டிலும் சம்மதம். டிசம்பர் விடுமுறைக்குப் போய், அண்ணன் வீட்டிலேயே ஆறு வாரம் தங்கி, பரிசம் போட்டுவிட்டு வரலாம் என்று இருக்கிறோம். கோயிலில் வைத்துத் தாலியே கட்டிவிடலாமே என்கிறார் அண்ணி. "நம் நாட்டில் 16 வயதே போதும், எதற்குப் பயம்?" என்கிறார் மைத்துனர். "இந்தியாவில் இது ஜெயில் விவகாரம்" என்கிறார் கோயில் கமிட்டியில் ஒருவர். எது சரி? நாட்டுக்கு நாடு இந்த வயது ஏன் மாறுகிறது? இன்னொன்று: என் நாத்தனார் மகளுக்கு 15, அவள் பள்ளியில் படிக்கும் பையனுக்கு 17. பழக்கம் எல்லை தாண்டிவிட்டதோ என்று அவர் கலங்குகிறார். இரண்டு வருட வித்தியாசம்வரை சட்டம் கண்டுகொள்ளாது என்கிறார்களே, உண்மையா?

ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மைத்துனர் சொன்னதும் சரி, கமிட்டிக்காரர் சொன்னதும் சரி. மைத்துனர் பேசுவது டர்பன் சட்டம். அது உங்களை கிங் ஷாகா விமான நிலையம்வரை வந்து வழியனுப்பிவிட்டு நின்றுவிடும். திருச்சியில் இறங்கிய நிமிடத்திலிருந்து உங்கள் மகன் இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன், கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தாலும் சரி. நீங்கள் எழுதியிருப்பது போலவே டிசம்பர் நடந்தால் சிக்கப்போவது அவன் ஒருவன் மட்டுமல்ல, உங்கள் அண்ணனும் சேர்ந்துதான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மைத்துனரின் 16. தென்னாப்பிரிக்காவில் 2007ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் திருத்தச் சட்டப்படி சம்மத வயது 16. அதாவது, 16 முடிந்த ஒருவர் தன் விருப்பத்தோடு "சரி" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குச் சட்டம் மதிப்புக் கொடுக்கிறது. 12 முதல் 15 வயதுவரை உள்ளவர் மனதாரச் சம்மதித்திருந்தாலும், எதிரில் இருப்பவர் பெரியவர் என்றால் அவர் குற்றவாளி. 12க்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை. அது நேராக வன்புணர்வுக் குற்றம். பழைய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆண் பெண் உறவுக்கு 16 என்றும் ஒரே பாலினத்தவர் உறவுக்கு 19 என்றும் இரண்டு கணக்கு இருந்தது. அந்தப் பாகுபாடு செல்லாது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. இப்போது எல்லோருக்கும் ஒரே கணக்குதான்.

மைத்துனர் மறந்த ஒன்று உண்டு. இந்த நாட்டிலேயே 16 என்பது உறவுக்கு மட்டும்தான். ஆபாசப் படம், அந்தரங்கப் புகைப்படம் என்று வந்தால் எல்லை 18. ஆசை காட்டி வசப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கும் பிரிவும் 18 வயதுவரை உள்ளவர்களைக் காக்கிறது. ஆசிரியர் தன் பள்ளியில் படிக்கும் மாணவியோடு உறவு வைத்துக்கொண்டால் அவளுக்கு 17 என்றாலும் 18 என்றாலும் ஆசிரியர் வேலை போய்விடும். "16 போதும்" என்ற இரண்டு சொல்லில் இந்தச் சட்டம் அடங்காது.

இனி திருச்சிக்கு வருவோம். இந்தியாவில் 2012இல் வந்த போக்சோ சட்டம் 18 வயது முடியாத எவரையும் குழந்தை என்கிறது. அந்தக் குழந்தையின் சம்மதத்துக்கு அந்தச் சட்டத்தில் எடையே கிடையாது. அவள் காதலித்தாளா, அவளே அழைத்தாளா, கட்டிக்கொள்ளப் போகிறவர்களா, வீட்டுக்குத் தெரியுமா என்பதையெல்லாம் போக்சோ கேட்பதில்லை. உறவு நடந்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. உறவு வரை போக வேண்டியதுகூட இல்லை. பாலியல் நோக்கத்தோடு தொட்டாலே 3 முதல் 5 ஆண்டு. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த பிறகு, தான் குற்றம் செய்யவில்லை என்று காட்டும் சுமை பையன் பக்கம் சாய்கிறது. தென்னாப்பிரிக்காவில் இருப்பதுபோல வயது நெருக்கத்துக்கான சலுகை (அதைக் கடைசியில் சொல்கிறேன்) அங்கே இல்லை. 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் சட்டத்தின் முன்னால் ஒரு குழந்தையும் ஒரு குற்றவாளியும்தான்.

இங்கே நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: "இரண்டு வீட்டிலும் சம்மதம்தானே, யார் புகார் கொடுக்கப்போகிறார்கள்?" அண்ணன் மட்டும்தான் புகார் கொடுக்க முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோ. சொல்லாமல் மறைத்தால் அதற்கே 6 மாதம்வரை சிறை. பள்ளி ஆசிரியையோ மருத்துவரோ பக்கத்து வீட்டுக்காரரோ தெரிவித்தால் போதும், வழக்கு பதிவாகிவிடும். அதன்பின் "நாங்கள் பேசித் தீர்த்துக்கொண்டோம்" என்று காவல் நிலையத்தில் போய் நிற்பது நடக்காது. சொத்துத் தகராறோ பழைய மனக்கசப்போ உள்ள ஒரு பங்காளி இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஒரு போன் போதும். கல்யாண வீட்டில் அப்படி ஒருவர் இல்லாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய இடம். உங்கள் வீட்டில் "முறைப்பெண்" என்ற சொல் ஓர் உரிமை. அத்தை மகன், மாமன் மகள் என்றால் கேலிக்கும் கிண்டலுக்கும் இடமுண்டு, "கட்டிக்கப்போறவன்தானே" என்று பெரியவர்கள் சிரித்துக்கொள்வார்கள். போக்சோவில் அதே உறவு தண்டனையைக் கூட்டுகிறது. குழந்தைக்கு இரத்த வழியிலோ திருமண வழியிலோ உறவினராக இருப்பவர் குற்றம் செய்தால் அது சாதாரணக் குற்றமாகாது, கடுமையாக்கப்பட்ட குற்றமாகும். ஒரே வீட்டில் தங்கியிருப்பவர் செய்தாலும் அப்படியே. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு. வெறும் தொடுதலுக்குக்கூட 3க்குப் பதில் 5இலிருந்து தொடங்குகிறது. முன்பின் தெரியாத ஒருவன் இந்தக் குற்றத்தைச் செய்தால் கிடைப்பதைவிட அத்தை மகன் செய்தால் கூடுதலாகக் கிடைக்கும். வீட்டுக்குள், உறவுக்குள் நடக்கும் கொடுமைகள்தான் வெளியே வராமல் போகின்றன என்பதால் சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காரணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மகன் உறவினனும்தான், அந்த வீட்டில் ஆறு வாரம் தங்கப்போகிறவனும்தான். இரண்டு பொறியிலும் அவனே போய்க் காலை வைக்கிறான்.

ஆகவே அண்ணன் வீட்டில் தங்க வேண்டாம். அவர் மனம் கோணினாலும் பரவாயில்லை, தில்லைநகர் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுங்கள், அல்லது அந்தப் பெண் இல்லாத வேறு உறவினர் வீட்டில் மகனைத் தங்கவையுங்கள். இருவரும் சந்திக்கட்டும், பேசட்டும், மலைக்கோட்டைக்குப் பெரியவர்களோடு போய்வரட்டும். பிடித்திருப்பதும் பேசுவதும் எந்த நாட்டிலும் குற்றமில்லை. தனியறையும் தனிப் பயணமும் கூடாது. இதைப் பையனிடம் நீங்களே உடைத்துப் பேச வேண்டும். தாய் மகனிடம் எப்படி இதைப் பேசுவது என்று கூச்சமாக இருந்தால், அவன் அப்பாவைப் பேசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பதிலை அவனிடம் நீட்டிவிடுங்கள்.

தாலி கட்டுவது பற்றி அண்ணி சொன்ன யோசனை, நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டதுதான். ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஆபத்தானது அது. தாலி ஏறிவிட்டால் கணவன் மனைவி, அப்புறம் யார் கேட்பது என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு காலத்தில் அது பாதி உண்மையாகவும் இருந்தது: இந்தியத் தண்டனைச் சட்டம் 15 வயது முடிந்த மனைவியைப் பொறுத்தவரை கணவனுக்கு விலக்குக் கொடுத்திருந்தது. 2017 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த வயதை 18 ஆக்கிவிட்டது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே எழுதிக்கொண்டது. ஆக 17 வயதுப் பெண்ணுக்குத் தாலி கட்டினால் ஒரு குற்றத்துக்குப் பாதுகாப்பு கிடைக்காது, இரண்டாவது குற்றம்தான் சேரும்.

அந்த இரண்டாவது குற்றம் குழந்தைத் திருமணம். 2006ஆம் ஆண்டுத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும். 18 வயதைக் கடந்த ஆண் ஒரு மைனர் பெண்ணை மணந்தால் 2 ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், சில சமயம் இரண்டும். நடத்திவைத்தவர், ஊக்குவித்தவர், தடுக்கத் தவறிய பெற்றோர் எல்லோருக்கும் அதே அளவுதான். பெண்களுக்குச் சிறைத் தண்டனை இல்லை என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருப்பதால் நீங்களும் அண்ணியும் அபராதத்தோடு தப்பலாம், அண்ணன் தப்ப முடியாது. ஜாமீனில் விடுவதா என்பதை நீதிபதிதான் முடிவு செய்வார். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் இதற்கான தடுப்பு அதிகாரி. தகவல் வந்தால் முகூர்த்த நேரத்தில் மண்டபத்துக்கே வந்து நிற்பார்கள். நாளிதழில் வாரம் ஒரு செய்தியாவது பார்க்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சட்டப்படி 21 முடியாத உங்கள் மகனும் ஒரு "குழந்தை"தான். ஆகஸ்டில் பெண்ணுக்கு 18 முடிந்தாலும் இந்தியாவில் அவன் தனக்கு 21 முடியும்வரை காத்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இருவருக்கும் 18 முடிந்தால் பதிவு செய்துகொள்ளலாம். அந்த அவசரமும் தேவையா என்று பெண்ணிடமே கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்குக் கல்லூரிக் கனவு ஏதாவது இருக்கலாம். கடிதத்தில் எல்லோருடைய விருப்பமும் இருக்கிறது, அவள் என்ன படிக்கப் போகிறாள் என்பது மட்டும் இல்லை.

பரிசம் போடுவது? வெறும் நிச்சயதார்த்தத்தை அந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம் நேரடியாகத் தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு நிச்சயம் செய்வதையும் சட்டவிரோதமாக்குவது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குழந்தைகள் சட்டமோ, திருமணத்துக்கான குறைந்தபட்ச வயதை எட்டாதவரைத் திருமணத்துக்கோ நிச்சயத்துக்கோ கொடுக்கக் கூடாது என்று ஏற்கெனவே சொல்கிறது. டிசம்பரில் வெற்றிலை பாக்கு மாற்றி, பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டுவதற்குப் பதில் அடுத்த ஆகஸ்டுக்குத் தள்ளிவைத்தால் என்ன குறைந்துவிடும்? எட்டு மாதம்தான்.

கோயிலில் கட்டும் தாலியைப் பற்றி நம்மவர்களுக்கு இன்னொரு வார்த்தையும். 1913இல் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் இங்கே செல்லாது என்று தீர்ப்புச் சொன்னபோது நம் பாட்டிமார்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவிகளாக இல்லாமல் போனார்கள். அந்த அவமானம்தான் தமிழ்ப் பெண்களைச் சத்தியாக்கிரகத்தில் இறக்கியது. தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று உயிரை விட்டதும் அந்தப் போராட்டத்தில்தான். 1914ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் அதை ஓரளவு சரிசெய்தது. இன்றைக்கும் திருமணப் பதிவு அலுவலர் முன்னிலையில் பதியாத தாலி இந்த நாட்டுத் திருமணச் சட்டத்தின் கண்ணில் தாலி அல்ல. இங்கும் கோயிலில் கட்டிவிட்டுப் பதிவை மறந்தவர்கள் சொத்து விஷயத்தில் திண்டாடுவதைப் பார்க்கிறேன்.

நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் அந்த நாட்டில் நடந்த ஒரு சண்டை இருக்கிறது. இந்தியாவில் 1860இல் அந்த வயது வெறும் 10. கல்கத்தாவில் புல்மோனி தாசி என்ற சிறுமி, தன்னைவிடப் பல மடங்கு மூத்த கணவனால் உயிரிழந்தாள். அவள் 10 வயதைக் கடந்திருந்ததால் வன்புணர்வுச் சட்டம் அவனைத் தொட முடியவில்லை. அந்தக் கொதிப்பில்தான் 1891இல் வயது 12 ஆனது. வெள்ளைக்காரன் நம் வீட்டு விவகாரத்தில் தலையிடுகிறான் என்று திலகர் அதை எதிர்த்தார். 1925இல் 14, பிறகு 16, 2012இல் 18. இங்கிலாந்து 1875இல் 12ஐ 13 ஆக்கியது, பத்தே ஆண்டில் 16 ஆக்கியது. அந்த 16தான் பேரரசின் கொடி பறந்த பல நாடுகளில் இன்றும் நிற்கிறது. இலங்கை 1995வரை 12இல் இருந்துவிட்டு 16க்கு வந்தது. கனடா 2008இல் 14ஐ 16 ஆக்கியது, பிலிப்பைன்ஸ் 2022இல் 12ஐ 16 ஆக்கியது. ஜப்பான் 1907இலிருந்து வைத்திருந்த 13ஐ 2023இல்தான் 16 ஆக்கியது. ஜெர்மனியில் 14. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் 16இலிருந்து 18வரை.

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு "அந்த நாட்டில் இவ்வளவுதான்" என்று முடிவுக்கு வருகிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். எண் மட்டும் சட்டமல்ல. நமக்குப் பக்கத்துத் தீவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸில் 16. ரீயூனியன் பிரான்ஸின் பகுதி என்பதால் அங்கே பிரெஞ்சுச் சட்டத்தின் 15. ஆனால் 2021இல் பிரான்ஸ் திருத்திய சட்டப்படி, 15க்குக் கீழ் உள்ளவருக்கும் எதிரில் இருக்கும் பெரியவருக்கும் 5 ஆண்டு இடைவெளி இருந்தால் சம்மதம் பற்றிய கேள்வியே கிடையாது, அது வன்புணர்வு. இரத்த உறவுக்குள் நடந்தால் எல்லை 18. ஒரே தீவுக்குள் உறவைப் பொறுத்து எண் மாறுகிறது. எந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தாலும் வயதோடு சேர்த்து இருவருக்கும் உள்ள இடைவெளி என்ன, ஒருவர் மற்றவருக்கு யார் என்பதையும் படிக்க வேண்டும். படிக்க நேரமில்லாதவர்கள் 18 என்றே வைத்துக்கொள்ளட்டும். யாருக்கும் நஷ்டமில்லை.

சட்டம் ஆளைத் துரத்திக்கொண்டு போவதும் உண்டு. தென்னாப்பிரிக்கக் குடிமகனோ இங்கே நிரந்தரமாக வாழ்பவரோ வெளிநாட்டில் பாலியல் குற்றம் செய்தால், அந்த நாட்டில் அது குற்றமில்லை என்றாலும் இங்கே விசாரிக்கலாம் என்கிறது நம் 2007ஆம் ஆண்டுச் சட்டம். சம்மத வயது குறைவான நாடுகளைத் தேடி விமானம் ஏறும் பெரிய மனிதர்களுக்காக எழுதப்பட்டது அது, நல்ல காரியம். அதுபோலவே இந்தியாவின் பாரதிய நியாய சன்ஹிதா வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகனையும் பின்தொடரும். உங்கள் மகனிடம் இருப்பது இந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று ஊகிக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் "டர்பனில் 16" என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பதையும் இதைப் படிக்கும் மற்றவர்கள் கவனிக்கட்டும்.

இந்தியச் சட்டத்தை நான் முழுதாக ஆதரிக்கிறேனா என்றால், இல்லை. 40 வயதுக்காரனிடமிருந்து 15 வயதுப் பெண்ணைக் காக்கும்போது போக்சோ அருமையான சட்டம். 17 வயதுப் பெண் வேறு சாதிப் பையனோடு பழகினாள் என்று தெரிந்ததும் அவள் அப்பா அதே சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடும்போது அது வேறு வேலை செய்கிறது. இதைச் சென்னை உயர் நீதிமன்றமே பார்த்தது. 2019இல் நீதிபதி பார்த்திபன், வயதை 16 ஆக்கலாம், இருவருக்கும் 5 ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்று வைக்கலாம் என யோசனை சொன்னார். 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், காதல் உறவில் இருந்த ஓர் இளைஞர்மீதான வழக்கை ரத்து செய்து, இளம்பருவத்தினரைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்றார். 2023இல் இந்தியச் சட்ட ஆணையம் வயதைக் குறைக்க வேண்டாம், 16க்கும் 18க்கும் இடைப்பட்ட வழக்குகளில் தண்டனையைத் தீர்மானிக்க நீதிபதிக்குச் சுதந்திரம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் விவாதம் உங்கள் மகனை வெளியே எடுக்காது. வழக்கு ரத்தாகும்வரை அவன் திருச்சியில் நிற்க வேண்டும், பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும், இங்கே படிப்பு போகும். உயர் நீதிமன்றம் கடைசியில் இரக்கம் காட்டலாம் என்ற நம்பிக்கையில் டிக்கெட் வாங்காதீர்கள்.

வீடியோ அழைப்பு என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி மகனிடம் இன்றே பேசுங்கள், டிசம்பருக்குக் காத்திருக்க வேண்டாம். சாதாரணப் புகைப்படம் எதுவும் பிரச்சினையில்லை. அந்தரங்கமான படம் என்றால் இரண்டு நாட்டிலும் எல்லை 18, அவளே விரும்பி அனுப்பினாலும் சரி. கேட்பது, வைத்திருப்பது, அனுப்புவது எல்லாம் தனித்தனிக் குற்றம். சென்னையில் ஓர் இளைஞர் தன் கைபேசியில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படம் வைத்திருந்த வழக்கை, வெறுமனே பார்ப்பது குற்றமில்லை என்று உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டு, சேமித்து வைப்பதும் குற்றமே என்றது. அப்படி ஏதாவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் யாருக்கும் அனுப்பிக் காட்டாதீர்கள், "ஆதாரம்" என்று நாத்தனாருக்குக்கூட அனுப்பக் கூடாது. நேரே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கடைசியாக நாத்தனார் மகள். அவர் கேள்விப்பட்டது பாதி உண்மை. 2013இல் டெடி பேர் கிளினிக் என்ற குழந்தைகள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், இளம்பருவத்தினர் தங்களுக்குள் விரும்பிப் பழகியதற்காக அவர்களையே குற்றவாளிகளாக்கும் பிரிவுகள் செல்லாது என்று அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. காப்பாற்ற வேண்டிய பிள்ளைகளையே அந்தப் பிரிவுகள் காயப்படுத்துகின்றன, உதவி கேட்க விடாமல் துரத்துகின்றன என்பது காரணம். அதன்படி 2015இல் சட்டம் திருத்தப்பட்டது. இருவருமே 12 முதல் 15க்குள் என்றால் குற்றமில்லை. ஒருவர் அந்த வயதிலும் மற்றவர் 16 அல்லது 17லும் இருந்து, இடைவெளி இரண்டு ஆண்டுக்குள் என்றாலும் குற்றமில்லை. வயது நெருக்கத்தைக் கணக்கில் எடுக்கும் இந்த முறை இந்தியாவுக்கும் வந்தால் நல்லது என்று நினைப்பவன் நான்.

ஆனால் "15, 17, இரண்டு வருடம்தானே" என்று விரல்விட்டு எண்ணக் கூடாது. பிறந்த தேதியை எடுத்து வைத்து எண்ண வேண்டும். பெண்ணுக்குப் போன மாதம்தான் 15 முடிந்தது, பையனுக்கு அடுத்த மாதம் 18 முடியப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லும்போது 15, 17. உண்மையில் இடைவெளி மூன்று ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் குறைவு. அது எல்லைக்கு வெளியே. அப்போது பையன்மீது வழக்குத் தொடர உயர்நிலை அரசு வழக்குரைஞரின் எழுத்து அனுமதி வேண்டும். பெரும்பாலும் ஆலோசனை, சீர்திருத்த ஏற்பாடுகளோடு முடியவும் வாய்ப்புண்டு. அவனுக்கு 18 முடிந்த பிறகும் தொடர்ந்தால் அந்தச் சலுகைகள் போய்விடும். அதோடு, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாதவருக்கு 5 ஆண்டுவரை சிறை என்று நம் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அது நாத்தனாருக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும். எனவே இரண்டு பிறப்புச் சான்றிதழ்களின் தேதிகளையும் தெரிந்துகொண்டு அவர் இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். கையில் பணமில்லை என்றால் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது.

தேதிக் கணக்கெல்லாம் அந்தப் பெண் விரும்பிப் பழகியிருந்தால் மட்டும். மிரட்டலோ வற்புறுத்தலோ இருந்தது என்று அவள் ஒரு சொல் சொன்னாலும் கணக்கை மூடிவைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். அவளால் வீட்டில் பேச முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான சைல்ட்லைன் 116க்கு அவளே கூப்பிடலாம். இன்னொன்று, இந்த விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து அவளைக் கிளினிக்குப் போகவிடாமல் தடுக்க வேண்டாம். 12 வயது முடிந்தவர் பெற்றோர் கையெழுத்து இல்லாமலே கருத்தடை உதவி பெறலாம், அதை ரகசியமாகவும் வைத்திருப்பார்கள் என்று குழந்தைகள் சட்டம் சொல்கிறது. நாத்தனாருக்கு இது கசப்பாக இருக்கும். அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.